நான் எழுதாமல் விட்ட பெயர்கள்

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் தற்காலிகக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு தொண்டு நிறுவனத்தின் களப் பொறியாளராக அங்கே வேலை பார்த்தேன். அங்கு கட்டியதைப் பற்றிப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். யாருக்குக் கட்டாமல் விட்டேன் என்பதைப் பேசியதே இல்லை. வீடிழந்து நின்ற சில குடும்பங்களுக்கு என்னால் கூரை கிடைக்காமல் போனது. தெரியாமல் நடந்திருந்தால் இவ்வளவு காலம் கழித்து அதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தெரிந்தே விட்டேன்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு இளம் பொறியாளர்களும் சமூகப் பணி படித்தவர்களும் நிவாரண வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் கூரையின் அளவையும் கம்பின் கனத்தையும் கேட்கிறார்கள். பட்டியலை எப்படி எடுப்பது என்று கேட்பவர்கள் குறைவு. நானும் அந்த வயதில் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நம் கரையில் அலை ஏறியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லது அங்கே வந்திருந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்ற பெயர்களைத் தமிழ்நாடு முழுவதும் அந்த வாரத்தில்தான் துயரத்தோடு கேட்டது. உயிர் பிழைத்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கோயில்களிலும் தங்கினார்கள். ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள். கரும்பலகைக்குக் கீழே கைக்குழந்தை, பெஞ்சுக்கு அடியில் மூட்டை. ஜனவரியில் பள்ளிகளைத் திறக்க வேண்டும். அதற்குள் இவர்கள் எல்லோருக்கும் எங்காவது ஒரு கூரை வேண்டும். அந்த நெருக்கடி உண்மையானது. யாரும் கற்பனை செய்ததல்ல.

அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தற்காலிகக் குடியிருப்புகளை எழுப்பின. எங்கள் பொறுப்பில் வந்தது நாகைக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். சவுக்குக் கம்பு நட்டு, சுவருக்கும் கூரைக்கும் தார் ஷீட் அடித்து, வரிசை வரிசையாக ஷெட்டுகள் போட்டோம். ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. வேலை வேகமாக நடந்தது. ஆட்சியர் அலுவலகத்தின் ஆய்வுக் கூட்டத்தில் எங்கள் பெயர் முன்வரிசையில் வந்தது. அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இந்த வாக்குமூலத்தில் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நான் வாய் மூடியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

யாருக்கு ஷெட் என்ற பட்டியலை மீனவப் பஞ்சாயத்து கொடுத்தது.

அந்தப் பஞ்சாயத்தைக் குறை சொல்லி என் பிழையை இறக்கி வைக்க மாட்டேன். முதல் நாட்களில் அரசு வருவதற்கு முன்பே பிணங்களைத் தேடி எடுத்தவர்கள் அவர்கள். வந்து குவிந்த அரிசியையும் துணியையும் அடிதடி இல்லாமல் பங்கிட்டவர்கள் அவர்கள். எந்த வீட்டில் யார் போனார், யார் இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இல்லாமல் அந்த ஊரில் நாங்கள் ஒரு கம்பு நட்டிருக்க முடியாது.

ஆனால் அவர்களுடைய கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. அவர் ஊருக்கு வரி கொடுப்பார், ஊர்க் கூட்டத்தில் உட்காருவார், ஊருக்கு வருவதில் ஒரு பங்கு வாங்குவார். திருவிழாவுக்கும் கடல் தகராறுக்கும் தலைமுறைகளாக அந்தக் கணக்கு போதுமானதாக இருந்திருக்கிறது. வீடு இழந்தவர் யார் என்ற கேள்விக்கு அது போதாது. புருஷன் செத்த பெண் வரி கட்டுவதில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், சில ஊர்களில் அவளுக்கு அரைப் பங்கு உண்டு. நான் வேலை பார்த்த ஊரில், மகன் தலையெடுக்காத விதவைக்கும் புருஷனைப் பிரிந்து வந்த பெண்ணுக்கும் தனித் தலைக்கட்டு கிடையாது. அவர்கள் அண்ணன் வீட்டோடோ அக்காள் வீட்டோடோ சேர்த்து எண்ணப்பட்டார்கள். அலைக்கு முன்பு அவர்களுக்குத் தனிக் குடிசை இருந்தது, தனி அடுப்பு இருந்தது. பட்டியலில் அவை இல்லை.

ஊருக்கு மேற்கே வாய்க்கால் கரையில் இன்னொரு தெரு இருந்தது. தலித் குடும்பங்கள். ஆண்கள் படகுத்துறையில் ஐஸ் உடைப்பார்கள், மீன் பெட்டி சுமப்பார்கள், நடவு காலத்தில் வயலுக்குப் போவார்கள். வாய்க்கால் வழியாக ஏறிய தண்ணீர் அவர்களுடைய மண் சுவர்களையும் கரைத்துவிட்டது. படகு முடங்கியதால் சுமை வேலை நின்றது. வயலில் உப்பு நீர் நின்றதால் அந்தக் கூலியும் போனது. மீனவர் பட்டியலில் அவர்கள் வர வழியில்லை. நான் பஞ்சாயத்தாரிடம் ஒரு முறை கேட்டேன். "அவங்களுக்கு கவர்மெண்டு தனியா செய்யும் சார்" என்றார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அரசு தனியாகச் செய்கிறதா என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. எழுதிக்கொண்டதோடு அந்தத் தெருவுக்கான என் கடமை முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மீன் விற்கிறவர். அன்னக்கூடையைத் தலையில் வைத்து உள்நாட்டு ஊர்களுக்குப் பேருந்தில் போய் விற்றுவிட்டு வருவார். புருஷன் சுனாமிக்குப் பல வருடம் முன்பே கடலில் போனவர். பிள்ளை இல்லை. நாங்கள் கம்பு நட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சார், எம் பேரையும் எழுதிக்கங்க சார். எனக்கும் வூடு போச்சு."

"பஞ்சாயத்தார் குடுத்த லிஸ்ட்ல உங்க பேரு இல்லியேம்மா. அவங்ககிட்ட சொல்லி எழுதிட்டு வாங்க."

"கூட்டத்துல பொம்பளைக்கி ஏது சார் எடம்? நான் யாருகிட்ட போயி நிக்கறது?"

எனக்குப் பதில் தெரியும். அவர் பெயரை என் நோட்டில் எழுதி, மறுநாள் நானே பஞ்சாயத்தாரிடம் பேசியிருக்கலாம். முடியாது என்றால் மாவட்ட நிர்வாகத்திடம் போயிருக்கலாம். வெளியூரிலிருந்து பணத்தோடு வந்த நிறுவனத்தின் ஆள் நான். நான் அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள், அல்லது சண்டைக்கு வந்திருப்பார்கள். சண்டைக்கு வந்திருந்தாலும் ஒரு வாரம்தான் வேலை நின்றிருக்கும். நான் எதுவும் செய்யவில்லை. அவருக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரிசையை அளக்கப் போய்விட்டேன். அவர் பிறகும் வந்தார். தூரத்தில் அவரைப் பார்த்ததும் வேறு பக்கம் நடந்திருக்கிறேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதை நேர்மையாகச் சொல்லப் பார்க்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மேலதிகாரி யாரும் அந்தப் பெயர்களைச் சேர்க்காதே என்று சொல்லவில்லை. பணமும் பற்றாக்குறை இல்லை. அந்தச் சில மாதங்களில் நாகைக் கரைக்கு வந்த உதவி அதற்கு முன் நாங்கள் கண்டிராதது. நான் பயந்தது வேலை தாமதமாவதற்கு. பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர் வரும், அந்த முப்பதில் தகராறு வரும், பஞ்சாயத்தார் முகம் சுளிப்பார்கள், நன்கொடையாளர்கள் வந்து பார்க்கும் தேதிக்குள் ஷெட்டுகள் முடியாது. இவ்வளவுதான். இதற்கு எதிரே ஒரு மனுஷிக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை என்பது இருந்தது. நான் தேதியைத் தேர்ந்தெடுத்தேன்.

வேலை முடிந்ததும் அறிக்கை எழுதினேன். ஊரில் பாதிக்கப்பட்ட அனைத்துக் குடும்பங்களுக்கும் தற்காலிகக் குடியிருப்பு வழங்கப்பட்டுவிட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. அது பொய். எழுதும்போதே எனக்கு அது பொய் என்று தெரியும். அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

அந்தப் பெண்மணி தன் அக்காள் குடும்பத்தோடு ஷெட்டில் ஒதுங்கினார். அதே பத்துக்குப் பன்னிரண்டில் அவரையும் சேர்த்து ஏழு பேர். அதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நிவாரணப் பணிகளுக்கென்று உலக அளவில் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஸ்ஃபியர் கையேடு என் பையில் இருந்தது. ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் மூடிய இடம் வேண்டும் என்கிறது அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது 11 சதுர மீட்டர். மூன்று பேருக்குத்தான் சரி. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 2.2. ஏழு பேர் என்றால் 1.6: ஒருவர் பாய் விரித்துப் படுக்கிற இடம், அவ்வளவுதான். சமைக்க, துணி மாற்ற, நோயாளியைப் படுக்க வைக்க, பிள்ளை படிக்க எதற்கும் மிச்சமில்லை. பட்டியலில் ஒரு பெயரை விட்டால் அந்தப் பெயர் மறைந்துவிடுவதில்லை, இன்னொரு ஷெட்டுக்குள் போய் அங்கிருப்பவர்களின் இடத்தையும் குறைக்கிறது. பட்டியலில் இருந்த அக்காளுக்கும் நான் சேர்த்துத்தான் தீங்கு செய்தேன்.

ஷெட்டுகளின் அமைப்பிலும் இதே பிழை இருந்தது. பட்டியலுக்கு ஆண்களை மட்டும் கேட்டேன், இட அமைப்புக்கும் அவர்களை மட்டுமே கேட்டேன். கழிப்பறைகளை வரிசைகளின் கடைசியில், சாலைப் பக்கம் கதவு வைத்துக் கட்டினோம். தண்ணீர் லாரி நிற்க வசதி, செப்டிக் தொட்டி தோண்ட வசதி. இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்ற கணக்கும் சரியாக இருந்தது. பெண்கள் போகவில்லை. பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டதாக ஒரு செவிலியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குளிக்க மறைப்பு இல்லை. மீன் விற்று வருகிற பெண்கள் கூடையைக் கழுவி வைக்க, விற்காத மீனை உப்பிட்டுக் கருவாடாகக் காயப்போட இடம் இல்லை. தார் ஷீட் ஏப்ரல் வெயிலில் இளகி நாறியது. பகலில் உள்ளே யாரும் இருக்க முடியாமல் கிழவிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பூவரச மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கூரை மேல் கீற்று போட்டுக் கொடுத்தோம். ஒரு கிழவியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் கம்பு நடுவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்திருக்கும்.

அந்த ஷெட்டுகளைச் சில மாதங்களுக்கென்று கட்டினோம். 2005 வடகிழக்குப் பருவமழை கடுமையாக வந்தபோதும் குடும்பங்கள் அவற்றில்தான் இருந்தன. தாழ்ந்த நிலத்தில் வரிசைகளுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டிசம்பரில் ஃபனூஸ் புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, ஏற்கெனவே வீடிழந்தவர்கள் இரண்டாம் முறையாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள்.

அதற்குள் நிரந்தர வீட்டு வேலை தொடங்கியிருந்தது. 2005 மார்ச் 30-ஆம் தேதி தமிழ்நாடு அரசு வெளியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 172 அதற்கு அடிப்படை. கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் புது வீடு, தொண்டு நிறுவனங்கள் கட்டித் தரலாம், பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று அதில் நல்ல அம்சங்கள் பல இருந்தன. மீனவப் பெண்களின் பெயர் ஒரு வீட்டுப் பத்திரத்தில் வருவது அந்தக் கரையில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் அந்த வீட்டுக்கான பயனாளி பட்டியலை எடுக்க உட்கார்ந்தபோது, மேசையில் முதலில் வைக்கப்பட்ட காகிதம் எது தெரியுமா? நான் ஷெட் ஒதுக்கிய பட்டியல். யாருக்கு ஷெட் எண் இருக்கிறதோ அவர் பாதிக்கப்பட்டவர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஷெட் எண் இல்லாதவர் தான் வீடிழந்ததை நிரூபிக்க வேண்டும். ரேஷன் கார்டு அலையில் போய்விட்டது. வீடு நின்ற இடத்தில் மணல்தான் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன் அங்கே ஒரு குடிசை இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்லக் கூடியவர்கள் பஞ்சாயத்தார்தான்.

அந்த மேசையில்தான் என் தவறின் முழு அளவு எனக்குப் புரிந்தது. அதுவரை என் மனதுக்குள் ஒரு சமாதானம் இருந்தது: இது தற்காலிகம்தானே, நிரந்தர வீடு வரும்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று. ஷெட் தற்காலிகம், பட்டியல் அப்படி இல்லை. அவசரத்தில் எழுதிய பெயர்கள் அப்படியே அடுத்த கட்டத்துக்கு நடந்து போயின. அவசரத்தில் விட்ட பெயர்கள் அங்கேயும் விடுபட்டன. கூட்டுப் பட்டா என்ற அருமையான விதி, புருஷனே இல்லாத, பட்டியலிலேயே இல்லாத பெண்ணை எட்டவில்லை. சில பெயர்களைப் போராடிச் சேர்த்தோம். வாய்க்கால் கரைத் தெருவில் சிலருக்கு அரசின் வேறு திட்டத்தில் பிறகு வீடு கிடைத்தது. அந்தப் பெண்மணிக்குக் கிடைக்கவில்லை. அக்காள் பெயரில் வந்த வீட்டின் திண்ணையில் அவர் இருந்தார். முதல் மாதத்தில் நான் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் பெயரில் ஒரு பட்டா இருந்திருக்கும்.

வேலை அவசரம் என்பதை நான் மறுக்கவில்லை. திறந்த வெளியில் படுத்திருக்கும் குழந்தைக்கு ஒரு ராத்திரியும் அதிகம்தான். ஆனால் எனக்கு அவசரம் இருந்தது கூரை போடுவதில் மட்டும். பட்டியலில் இல்லாதவர்களைத் தேடுவதில் எந்த அவசரமும் எனக்கு இருக்கவில்லை. அவர்களும் அதே மழையில்தான் நனைந்தார்கள். இதை யோசித்துப் பார்க்கும்போதுதான் நான் அவசரத்தை என் வசதிக்கு எப்படிப் பயன்படுத்தினேன் என்பது தெரிகிறது. பஞ்சாயத்தோடு மோதுவதைத் தள்ளிப்போட அது உதவியது. கேள்விகளிலிருந்து தப்பிக்க உதவியது.

வேறு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. பேரிடரில் வீடிழந்தவர்களே தங்கள் புகலிடத்தின் முதல் கட்டுநர்கள், அவர்களுடைய முயற்சியும் உறவும்தான் மூல வளம் என்று ஐக்கிய நாடுகளின் பேரிடர் நிவாரண அலுவலகம் 1982-லேயே ஒரு வழிகாட்டி நூலில் எழுதிவிட்டது. 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த கட்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அரசு தவணையாகக் கொடுத்த பணத்தில் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டன. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டுதான் நாகைக்குப் போனேன். பத்து ஷெட்டுகளை எந்தப் பெயரும் போடாமல் காலியாக வைத்துவிட்டு, விடுபட்டவர்கள் வந்தால் கொடுப்போம் என்று தொடங்கியிருக்கலாம். பெண்களைத் தனியாக உட்காரவைத்து, இந்த ஊரில் தனி அடுப்பு எரித்தவர்கள் யார் யார் என்று ஒரே ஒரு மாலை கேட்டிருக்கலாம். மீன்காரப் பெண்களுக்குத் தெரியாத அடுப்பு அந்த ஊரில் ஒன்றுகூட இருந்திருக்காது.

தற்காலிகம் என்று சொன்னது நிலைத்துப்போவது போரில் இடம்பெயர்ந்தவர்கள் விஷயத்தில் இன்னும் கொடுமையாக நடந்திருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்த தமிழ்க் குடும்பங்களை மண்டபத்திலும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலும் முகாம்களில் வைத்தோம். சில மாதங்களுக்கென்று போட்ட சிறு அறைகள். அங்கே பிறந்த பிள்ளைகள் அதே அறைகளில் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றார்கள். 2021-ல்தான் அந்த முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. முகாம்களின் பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. முதல் படகுகள் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து. இலங்கையின் வன்னியில் 2009-ல் போர் முடிந்தபோது மூன்று லட்சத்தை நெருங்கிய மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள். கடைசிக் குடும்பங்கள் 2012 செப்டம்பரில்தான் அங்கிருந்து வெளியேறின. போர் முகாமில் பெயர் பதிவு என்பது கூரைக்கான சீட்டு மட்டுமல்ல. யார் உயிரோடு இருக்கிறார், யார் யாருடைய பிள்ளை, யார் எந்த நிலத்துக்குத் திரும்பலாம் என்பதெல்லாம் அதில் தொங்குகிறது. அங்கே ஒரு பெயர் விடுபட்டால் நேரும் சேதத்தை என் ஊரின் சேதத்தோடு ஒப்பிட நான் துணிய மாட்டேன். ஆனால் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவரைக் கூப்பிடும் ஆளை எனக்குத் தெரியும். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. களைத்தவனாகவும் பாராட்டை விரும்புகிறவனாகவும் இருந்தால் போதும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஓடுகள் பறந்தன, கீற்றுக் கூரைகள் காற்றோடு போயின, தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் வரவில்லையென்று மக்கள் சாலையை மறித்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது தார்ப்பாய். நான் மறுபடியும் போனேன். இந்த முறை பட்டியலை வாங்கிக்கொண்டு தொடங்கக்கூடாது என்ற முடிவோடு போனேன். தெருத் தெருவாக நடந்தோம். ஒவ்வொரு தெருவிலும் ஆண்களோடு ஒரு தடவை, பெண்களோடு தனியாக ஒரு தடவை உட்கார்ந்தோம். எழுதிய பெயர்களை மரத்தடியில் எல்லோர் முன்பும் உரக்கப் படித்து, யார் விட்டுப்போனார்கள் என்று கேட்டோம்.

விட்டுப்போனவர்கள் இருந்தார்கள். காவிரி டெல்டாவில் நிலமில்லாத கூலிக் குடும்பங்கள் பல, கோயில் நிலத்திலும் வாய்க்கால் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் குடியிருக்கின்றன. வாடகைக்கு இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஊரில் தார்ப்பாய் மூட்டைகள் குறைவாக வந்திருந்தன. பட்டா உள்ளவர்களுக்கு முதலில் கொடுத்துவிடுவோம், மற்றவர்களுக்கு அடுத்த லாரியில் பார்த்துக்கொள்வோம் என்று யாரோ சொன்னார்கள். சரி என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. பதினான்கு வருடம் இதையே நினைத்துக்கொண்டிருந்த ஆளுக்கும் அந்த நேரத்தில் அதுதான் சுலபமாகத் தோன்றியது. எங்களோடு வந்த ஓர் இளம்பெண் மறுத்தார். பட்டா இல்லாதவர்களுக்குக் கூரையும் இல்லை, சேமிப்பும் இல்லை, அவர்களுக்குத்தான் முதலில் என்றார். அப்படியே செய்தோம். பட்டாக்காரர்கள் இரண்டு நாள் கோபமாக இருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நான் நாகையில் பயந்துகொண்டிருந்த தகராறின் அளவு அவ்வளவுதான்.

ஆகவே நான் திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. இந்தக் குறை ஒருமுறை நேர்ந்து ஒழிந்துபோவது அல்ல. ஒவ்வொரு பேரிடரிலும் அது புதிய வடிவத்தில் வருகிறது: தலைக்கட்டாக, ரேஷன் கார்டாக, பட்டாவாக, ஆதார் எண்ணாக. என் குணத்தை நம்பி அதைத் தடுக்க முடியாது என்பதை கஜா எனக்குக் காட்டியது. பக்கத்தில் மறுத்துப் பேச ஒருவர் வேண்டும். மறுத்துப் பேசுவதை நிறுவனத்தின் முறையாகவே வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த மீன்காரப் பெண்மணியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்குப் பல வருடங்கள் வாய்ப்பு இருந்தது. வேலை நிமித்தமாக அந்த ஊர் வழியாகப் போயிருக்கிறேன். இறங்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் கேட்கக்கூடிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பது தெரிந்திருந்தது. கஜாவுக்குப் பிறகு ஒரு நாள் போனேன். அவர் இறந்து சில காலம் ஆகியிருந்தது. அக்காளிடம் நடந்ததைச் சொன்னேன். "அது முடிஞ்சு போச்சு தம்பி, இப்ப என்னத்துக்கு" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். மன்னிக்க வேண்டியவர் அவரல்ல.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. எந்தப் பட்டியலை யார் கொடுத்தாலும் மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். அந்த ஊரின் கணக்கில் குடும்பம் என்றால் யார் என்று முதல் நாளே கேளுங்கள். அதிலிருந்து யார் விடுபடுவார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். ஊரின் கடைசித் தெரு வரை நடந்து போய்ப் பாருங்கள். பத்தில் ஒரு ஷெட்டைப் பெயர் எழுதாமல் வையுங்கள். ஷெட் கிடைக்காதவர்களின் பெயர்களுக்கும் ஒரு பதிவேடு திறந்து, அதில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு நகலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். நிரந்தர வீட்டுக்கான மேசை போடப்படும் நாளில் அவர்களிடம் இருக்கப்போகும் ஒரே அத்தாட்சி அதுவாக இருக்கலாம். அறிக்கையில் முடிந்த வேலையை எழுதுகிற அதே பக்கத்தில் விடுபட்டவர்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். நன்கொடை கொடுப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இல்லாத அறிக்கையை நம்பாதீர்கள். அப்படி ஓர் அறிக்கையை எழுதிக் கொடுத்தவன் சொல்கிறேன்.